முப்பத்தொரு கம்ப்யூட்டரும் நான் போட்ட ஓட்டையும்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் காய்ச்சல், இருமல் எதுவும் அண்டாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வாய், அதனால் என்ன சாப்பிடுகிறாய், எப்போது தூங்குகிறாய் என்பதைப் பதிலில் எழுது. நானும் போனில் சொல்லியிருப்பேன், அம்மா நடுவில் புகுந்து முடிவை முதலில் சொல்லிவிடுவாள் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் கிளையை மூடிவிட்டார்கள். இனி எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாமாம், அந்த எல்லோரில் நான் இல்லை. என்னிடம் தொழில் கற்று இன்று எனக்கு மேலே உட்கார்ந்திருக்கும் மண்டல மேலாளர் போனில் கூப்பிட்டு, சார் முப்பத்தொரு கம்ப்யூட்டரையும் வித்துட்டு மாசக் கடைசில சாவியைக் குடுத்துடுங்க, உள்ள இருக்கற தகவல் மட்டும் வெளிய போகக் கூடாது என்றான். இருபத்தாறு வருடத்துக்கு இதுதான் வழியனுப்பு. மூன்று வருடத்துக்கு முன் ஏதோ ஒரு ஃபைல் கசிந்ததற்கு என்மேல் பழி போட்டவர்கள் இவர்கள், நான் மறக்கவில்லை. கடைசி வேலையிலும் குற்றம் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது என்று ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் திறந்து ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்து, டிரில்லிங் மெஷினால் நடுவில் ஓட்டை போட்டேன். மூன்று நாள் ஆனது. அந்தச் சத்தம் காதுக்கு இதமாகவே இருந்தது என்று உனக்குச் சொல்வதில் வெட்கமில்லை.

பிறகு வாசலில் விற்பனைக்கு என்று எழுதி ஒட்டினேன். முதலில் வந்தவர் எதிர்க்கடைத் தையல்காரர். பள்ளிக்கூடம் மூடிக்கிடக்கிறதே, வீட்டில் இரண்டு பெண்களும் ஒரே போனில் பாடம் கேட்கிறார்களாம், காலையில் பெரியவள் அழுகிறாள், மதியம் சின்னவள் அழுகிறாள் என்றார். ஒன்றை இயக்கிக் காட்டினேன், கருப்புத் திரையில் இரண்டு வரி வந்து நின்றது. டிஸ்க் இல்லாமல் அது எப்படி ஓடும்? அவர், சார் இதுல படமாவது தெரியுமா என்று கேட்டார். அடுத்து வந்த பழைய இரும்பு வியாபாரி, எடைக்குன்னா சொல்லுங்க, இப்பவே வண்டி கொண்டாறேன் என்றான். மாத முடிவுக்கு ஐந்தே நாள். மேலாளர் சிரிப்பது எனக்கு இங்கிருந்தே கேட்டது.

அம்மா உன் மாமாவின் நம்பரை அழுத்தி என் கையில் கொடுத்தாள். ஆறு வருடமாக நான் அவனோடு பேசாதது உனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்த திமிரில், அத்தானுக்குக் கையெழுத்து போடத்தான் தெரியும், கைவேலை தெரியாது என்று சபையில் சொன்னவன். மறுநாள் காலையிலேயே முகக்கவசத்தோடு வந்து நின்றான். டிஸ்க் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தகவலைத் துடைச்சுக் குடுங்கன்னா கொலையே பண்ணிட்டீங்களே அத்தான் என்றான். பிறகு பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகினான், கம்ப்யூட்டர் உயிர்பெற்று எழுந்தது. டிஸ்க்குக்குப் பதிலா ஒவ்வொண்ணுலயும் இப்படி ஒண்ணு செருகிடலாம், பாடம் கேக்க, எழுத இது தாராளம் என்றான். ஜன்னல்களைத் திறந்து வைத்து, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து மூன்று நாள் வேலை பார்த்தோம். எப்படிச் செய்வதென்று அவன் காட்டினான், பத்தாவதிலிருந்து நானே செய்தேன். மூன்றாம் நாள் மனசு பொறுக்காமல் அந்தப் பழைய பேச்சைக் கேட்டே விட்டேன். அப்படியா சொன்னேன், எனக்கு ஞாபகமே இல்லையே, சொல்லியிருந்தா தப்புதான் அத்தான் என்றான். ஆறு வருடம் நான் ஒருவன் மட்டுமே அதைச் சுமந்திருக்கிறேன்.

முப்பத்தொன்றும் போய்விட்டது. தையல்காரர் வீட்டுக்கு இரண்டு, மற்றவை எல்லாம் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குத்தான். சாவியும் கொடுத்தாகிவிட்டது, மேலாளரிடமிருந்து நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை, அதையும் மறக்கமாட்டேன். மாமா கடையில் இப்போது கூட்டம் நெரிகிறது. கூட வந்து உக்காருங்க அத்தான், உங்க மூஞ்சியைப் பாத்தா எவனும் பேரம் பேசமாட்டான் என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று கெத்தாக வந்துவிட்டேன்.

கைகழுவாமல் எதையும் தொடாதே, கூட்டத்துக்குள் போகாதே. நோய் நொடியில்லாமல், வேலையில் யாருக்கும் தலைகுனியாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், மாமாவிடம் பேசினால் இதைச் சொல்லிவிடாதே. திங்கட்கிழமை அவன் கடை திறப்பதற்கு முன்பே நான் வாசலில் நிற்கப்போகிறேன்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா