கியர் பாக்ஸுக்கு வைத்த பொட்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலை கார் ஷெட்டைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது. கியர் ஆயில் வாடை. பூண்டும் கந்தகமும் சேர்ந்து கெட்டுப்போனதுபோல் இருக்குமே, அதுதான். மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் நன்றாக இழுத்து மூச்சு விட்டேன். நீதான் வந்து நிற்கிறாய் என்று ஒரு கணம் தோன்றியது. உன் சட்டையிலும், நீ குடித்துவிட்டு வைத்த காபி டம்ளரிலும்கூட அந்த வாடைதானே இருக்கும்.

குனிந்து பார்த்தால் அம்பாசிடரின் வயிற்றுக்கு அடியில் தாம்பாளம் அகலத்துக்கு எண்ணெய். நீ கண்ணை மூடி இரண்டு ஆயுத பூஜை ஆகிவிட்டது. இவ்வளவு மோசமாக அது ஒழுகியதே இல்லை. "ஒங்க கூட்டாளி போயிட்டாரு, அவரு வச்ச ஒழுகல் போகல" என்றாள் என் வீட்டுக்காரி. எனக்குச் சுருக்கென்றது. இந்தப் பேச்சை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

அவளுக்கு மட்டுமா? கீரமங்கலம் கடைத்தெருவுக்கே கற்றுக்கொடுத்தேன். கியர் பாக்ஸின் பின்வாயில் எண்ணெய் வெளியே வராமல் பிடித்துக்கொள்ளும் அந்த ரப்பர் வளையத்தை, ஆயில் சீலை, நீ மூன்று தடவை மாற்றினாய். மூன்று தடவையும் சில நாளில் திரும்ப ஒழுகியது. அடுத்த நாளே டீக்கடையில் உட்கார்ந்து உனக்கு 'ஒழுகு மெக்கானிக்' என்று பெயர் வைத்துவிட்டேன். பெயர் ஒட்டிக்கொண்டது. நீயும் கூடச் சேர்ந்துதான் சிரித்தாய். "சீல்ல தப்பு இல்ல மாப்ள" என்று ஒரே ஒரு தடவை சொன்னாய். அதையும் பழைய பனியனில் கையைத் துடைத்துக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாய். அதற்குப் பிறகு நாலைந்து பேர் கியர் பாக்ஸ் வேலை என்றால் உன் பட்டறையைத் தாண்டி ஆலங்குடிக்குப் போனார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

ஆனால் அந்த வண்டியில் நாம் சுற்றிய சுற்று இருக்கிறதே! ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஜெகதாப்பட்டினம் போய் மீன் வாங்கி, ஐஸ் போட்ட பெட்டியைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு திரும்புவோம். வழியில் டீ குடிக்க நிறுத்தினால் வண்டிக்கு அடியில் ஒருபக்கம் ஐஸ் தண்ணீர், ஒருபக்கம் ஆயில். "இங்கிட்டு ஒழுகுறது வஞ்சிரம், அங்கிட்டு ஒழுகுறது நீ" என்பேன். டீயைத் துப்பிவிட்டுச் சிரிப்பாய்.

சரி, போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ மூன்று தடவை செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன், என்னால் முடியாதா என்று ஒரு வீறாப்பு. சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டைக் கழற்றுவதற்குள் அரைநாள் போய்விட்டது. கழற்றிப் பார்த்தால் நீ கடைசியாக மாட்டிய சீல் அப்படியே புதிதாக இருக்கிறது. ஒரு கீறல் இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. அதை அப்படியே விட்டிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. அதைப் பிடுங்கிவிட்டு வாங்கி வைத்திருந்த புது சீலை மாட்டி, எண்ணெய் ஊற்றி, ஆலங்குடி வரை ஓட்டிவிட்டு வந்தேன். வந்து நிறுத்தியதும் கீழே சொட்டு, சொட்டு, சொட்டு.

"நீங்களும் ஒழுகு மெக்கானிக்தான்" என்றாள் வீட்டுக்காரி. சந்தோஷம் அவளுக்கு.

கோபத்தில் வண்டிக்குள் ஏறி, கால்மிதி விரிப்பைத் தூக்கி, தரைத்தகட்டு மூடியின் திருகுகளைக் கழற்றினேன். கியர் பாக்ஸின் மேல்பக்கம் தெரிந்தது. அங்கே சந்தனம். சும்மா பொட்டு இல்லை. வருஷத்துக்கு ஒன்றாக, பொட்டின் மேல் பொட்டாக, காய்ந்து கல்லாகி, வடை கனத்துக்கு ஏறியிருந்தது. வைத்த கை வேறு யாருடையது? ஆயுத பூஜை அன்று எஞ்சினுக்கும் ஸ்டியரிங்குக்கும் பொட்டு வைத்துவிட்டு கியர் பாக்ஸை விட்டுவிட்டால் அது கோபித்துக்கொள்ளாதா என்று, மூடியைக் கழற்றிப்போட்டு, தேடிப்பிடித்து வைக்கிறவன் ஊரில் நான் ஒருவன்தான்.

குடைக்கம்பியால் அந்தச் சந்தனத்தைக் குத்தினேன். புஸ்ஸென்று உள்ளேயிருந்து சூடான காற்று வந்தது. பொட்டுக்குக் கீழே ஒரு சின்னத் துளை. வண்டி ஓடும்போது உள்ளே சூடேறும் காற்று வெளியே போவதற்கென்றே வைத்த துளை. அதைத்தான் நான் வருஷா வருஷம் பக்தியோடு அடைத்திருக்கிறேன். போக வழியில்லாத காற்று எண்ணெயைப் பின்வாய் வழியாகத் தள்ளியிருக்கிறது. எந்த ரப்பர் வளையம் தாங்கும்?

துளையைச் சுத்தம் செய்துவிட்டுக் கீழே செய்தித்தாளை விரித்துவைத்தேன். திங்கட்கிழமை ஜெகதாப்பட்டினம் வரை போய் வந்தும் தாளில் ஒரு சொட்டு இல்லை. என் முகத்தில் ஈயாடவில்லை.

நேராக டீக்கடைக்குப் போனேன். ஆள் நிறைந்திருந்த நேரம். "எல்லாரும் கேட்டுக்கங்க. அவன் மாட்டுன சீல்ல ஒரு தப்பும் இல்ல. ஒழுக வச்சவன் நான்" என்று சந்தனக் கதையை முழுசாகச் சொன்னேன். கடையே உருண்டு சிரித்தது. டீ மாஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்ப அந்தப் பேரு இனிமே ஒங்களுக்குத்தாண்ணே" என்றார். எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. வாங்கிக்கொண்டேன்.

அங்கிருந்து உன் வீட்டுக்கு. உன் மனைவி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு சொல்லி முடித்தேன். அவள் மிஷினை நிறுத்தவே இல்லை.

"அவுகளுக்கு அது தெரியும்ண்ணே" என்றாள்.

"என்னம்மா சொல்ற?"

"மூணாவது சீல் மாத்துனப்பவே கண்டுபிடிச்சிட்டாக. அதுக்கப்பறம் ஒங்க வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் கோணி ஊசிய எடுத்து சட்டப்பையில வச்சுக்கிட்டுத்தான் வருவாக. ஒங்கள காபிக்கு உள்ள அனுப்பிட்டு, மூடியக் கழட்டி ஒரு குத்து."

நீ வந்ததும் வராததுமாக "காபி கொண்டா மாப்ள" என்று என்னை விரட்டுவாயே! நீ வந்துபோன பிறகு, சந்தனத்தூள் உதிர்ந்து துளை மறுபடி அடைபடும்வரை, கொஞ்ச நாளைக்கு ஒழுகல் நிற்கும். "இப்பத்தான் ஒழுங்கா டைட் பண்ணிருக்கான்" என்று அதையும் டீக்கடையில் சொல்லியிருக்கிறேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"ஒருவாட்டி சொல்லப் பாத்தாகளாம். மொறச்சீங்களாம்."

அப்போதுதான் நினைவு வந்தது. ஒரு பூஜையில், பொரிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி வையேன் மாப்ள" என்றாய். "சர்ச்சுக்குப் போறவனுக்கு சாமி காரியத்துல என்ன சோலி?" என்று கேட்டேன். விளையாட்டாகக் கேட்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் மனைவி நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னாள்: "'கண்ண மூடிக் கும்பிட்டுட்டு வைக்கிறான், அத வழிக்கச் சொல்ல எனக்கு வாய் வரல. ரெண்டு பேச்சு கேட்டா கேட்டுட்டுப் போறேன்'ன்னாக."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

நான்தான் உன்னைப் பொறுத்துப்போகிறேன் என்று இத்தனை வருஷம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். இப்போது யாரையாவது குறை சொல்ல வாயைத் திறந்தால், இவன் எனக்காக எதை விழுங்கிக்கொண்டு நிற்கிறானோ என்று ஒரு நொடி தயங்குகிறேன். ஒரு நொடிதான், பழைய வாய் அல்லவா. அந்த ஒரு நொடியை உனக்கு நான் ஒருநாளும் தரவில்லையே, மாப்ள.