மரத்தடியில் மட்டும் பெய்த மழை

இன்று சந்தையில் ஒருவர் நுவரெலியாப் பூச்செடி விற்றுக்கொண்டிருந்தார். வேரில் ஈரப் பாசி சுற்றியிருந்தது. எடுத்து முகர்ந்தேன். அன்று மலைக்காட்டில் கண்ட அதே வாசம். நீங்கள் மௌத்தாகி இத்தனை காலமான பிறகும், "என்ன புள்ள, மணந்து பாக்கிறாய்?" என்று பக்கத்தில் நின்று கேட்பீர்கள் போலிருந்தது. செடியை வாங்கவில்லை, நம் ஊர் வெயிலில் அது பிழைக்காது.

அது எழுபதுகளின் கடைசி, நமக்குக் கலியாணமாகிச் சில வருஷம். நீங்கள் நம்முடைய வயல்வெளி வட்டைக்கு விதானை. வயல்களுக்கெல்லாம் தண்ணீர் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பு உங்கள் தலையில். அந்தக் கோடைச் சிறுபோக வெள்ளாமையில் கடைசி வயல்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை. வாய்க்கால் கரையில் நிற்கிற மருத மரங்கள்தாம் குடிக்கின்றன, எல்லாவற்றையும் வெட்ட வேண்டும் என்று வெள்ளாமைக்காரர்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள். உங்களுக்கோ அந்த மரங்கள் என்றால் உயிர். பதிலைத் தள்ளிப்போடத்தான், வெலிமடையில் வாழ்க்கைப்பட்ட உங்கள் தங்கையைப் பார்க்கவென்று என்னையும் கூட்டிக்கொண்டு மலையேறினீர்கள். எனக்குத் தெரியாதா என்ன?

தங்கை வீட்டிலிருந்து ஹக்கலக் காட்டைப் பார்க்கப் போனோம். சின்னக் காடு, ஆனால் காவல் கடுமை. உள்ளே கால் வைக்கவும் கூடாது, ஓர் இலை கிள்ளவும் கூடாது என்று சிங்களம் கலந்த தமிழில் சொன்னார் காவலாளி. ஓரத்திலேயே நின்றோம். கோணல்மாணலான குட்டை மரங்கள், கிளையெல்லாம் பாசி. கிளையிலிருந்து தலையில் சொட்டவும், மழை பிடித்துக்கொண்டது என்று நினைத்து ஓரத்து மரமொன்றின் அடியோடு ஒதுங்கினோம். நம் ஊர்ப் பழக்கம். விடும் விடும் என்று நின்று நனைந்ததுதான் மிச்சம். குளிர் தாங்காமல் நான் வீதிக்கு ஓடினேன்.

"அல்லாட காவல்! இஞ்ச வாங்க, வெளியில மழையே இல்ல!"

நீங்கள் வெளியே வந்தீர்கள், மரத்தடிக்குப் போனீர்கள், மறுபடியும் வந்தீர்கள். காவலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தவழ்கிற முகில் இலையில் பட்டுச் சொட்டுகிறது, மழையே பெய்யாத நாளிலும் இப்படித்தான் என்றார். உங்கள் முகத்தில் பெருநாள் பிறை கண்ட சந்தோஷம்.

"மரம் தண்ணியக் குடிக்கிறல்ல புள்ள, தருகுது!"

ஊர் திரும்பியதும் என் வாயகன்ற பேசின் பாத்திரம் காணாமல் போனது. ஒவ்வொரு இரவும் அதை மருத மரத்தடியில் வைத்துவிட்டு, விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் ஓடிப்போய்ப் பார்ப்பீர்கள். சருகைத் தவிர ஒரு சொட்டு இல்லை. "மலையில சொட்டினா இஞ்சயும் சொட்டுமா? பேசினத் தாங்க, மாக் குழைக்கணும்" என்று நான் வேறு சீண்டினேன்.

நம் வீட்டு வளவில்தான் மரம் வெட்டுவது பற்றிக் கூட்டம் நடந்தது. மலையில் கண்டதை மட்டும் நீங்கள் சொல்லியிருக்கலாம். எல்லோரும் நம்பியிருப்பார்கள், மரங்கள் தப்பியிருக்கும். கதவுக்குப் பின்னால் நின்று அதற்குத்தான் நான் அல்லாவிடம் துஆக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்களோ பேசின் கதையையும் சேர்த்துச் சொன்னீர்கள்.

"நம்மட மரத்தில ஒரு சொட்டும் விழல்ல. ஆனா, வெட்டினாத் தண்ணி கூடும் எண்டத்த ஆராவது கண்டீங்களா? ஒண்ட மட்டும் வெட்டிப் பாப்பம்."

வாய்க்காலோடு ஒட்டி நின்ற பெரிய மரம் விழுந்தது. கடைசி வயலில் தண்ணீர் ஒரு விரல்கூட ஏறவில்லை. மற்ற மரங்களை அதன் பிறகு யாரும் தொடவில்லை. ஊர் உங்களைக் கெட்டிக்காரர் என்றது. நீங்கள் அந்த அடிக்கட்டையில் குந்தியிருந்தீர்கள். நான் தேத்தண்ணி கொண்டுவந்தேன், நீங்கள் குடிக்கவில்லை.

"மலைக் கதையோட நிப்பாட்டி, நான் அதக் கேக்காட்டி இந்த மரமும் நிண்டிரிக்கும் புள்ள."

"அப்ப இனி ஒண்டையும் கேக்காம இரிங்க" என்றேன், ஆற்றாமையில்.

"கேக்காட்டி எல்லா மரமும் போயிரிக்குமே" என்றீர்கள்.

இரண்டும் உண்மைதான். இப்போது யாரிடம் என்ன கேள்வி கேட்க வாயெடுத்தாலும் அந்த மரம் விழுந்த சத்தம்தான் முதலில் எனக்குக் கேட்கிறது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்டுவிடுகிறேன்.