அட்டைக்கு முளைத்த நரம்பு

கொப்பரையில் கடல் அட்டை வேகிற வாடை காலையிலிருந்து என்னைக் கொட்டகைக்குள் இருக்க விடவில்லை. வருஷக்கணக்காக அட்டையை அவித்து, உலர்த்தி, சிங்கப்பூருக்குக் கப்பல் ஏற்றுகிறவனுக்கு இந்த வாடை புதிதா? நீங்கள் கண்ணை மூடி இருபது நாளாகிறது, அதுதான் புதிது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் போக இடமில்லை. ஆகவே எழுதிவிடுகிறேன், வாத்தியாரே.

திருமயம் பக்கத்திலிருந்து வெறுங்கையோடு கட்டுமாவடிக் கடற்கரைக்கு வந்து அட்டை வியாபாரத்தில் காலூன்றியவன் நான். நீங்கள் இங்கே ஹைஸ்கூல் சயின்ஸ் வாத்தியார். முதல் பேச்சே வாக்குவாதம்தான். கரைக்கு வந்த அட்டைகள் வெயில் தாங்காமல் குடலைக் கக்கிவிட்டுத் துவண்டு கிடந்தன. எப்படியும் கீறிக் குடலை எடுத்துவிட்டுத்தான் அவிக்கப் போகிறோம், வேலை மிச்சம் என்று நான் கணக்குப் போட்டேன். நீங்கள் அதில் நாலைந்தைப் பொறுக்கி வாளியில் போட்டீர்கள்.

“செத்தத வச்சு என்னங்க பண்ணப் போறீங்க?”

“சாகல முதலாளி. குடல் திரும்ப வளரும்.”

“ஆமா, என் மண்டையிலகூட முடி வளரும்.”

நாலு வாரம் கழித்து ஒன்றைக் கீறிக் காட்டினீர்கள். நூல் மாதிரி புதுக் குடல். அதோடு விட்டீர்களா? இன்னொன்றில் உடல் நெடுக ஓடும் நரம்பை பிளேடால் அறுத்து, பள்ளிக்கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் விட்டு, தினமும் கடல் தண்ணீர் மாற்றினீர்கள். அறுத்த இடத்துக்குக் கீழே தொங்கிக் கிடந்த சின்னஞ்சிறு கால்கள் ஒருநாள் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டன. “நரம்பே சேந்துருச்சு, பாருங்க” என்றீர்கள். பார்த்தேன்.

அடுத்த தை மாதம் பள்ளி ஆய்வு அறையில் ஸ்பிரிட்டு ஜாடி நழுவ, பிடிக்கப் போன உங்கள் வலது மணிக்கட்டைக் கண்ணாடி கிழித்தது. கம்பவுண்டர் தோலைத் தைத்துவிட்டார். பெருவிரலும் அடுத்த இரண்டும் மரத்துவிட்டன. சாக்பீஸ் நிற்கவில்லை.

“மதுரைக்குப் போயி காட்டிட்டு வாரேன்” என்றீர்கள்.

“மூளையே இல்லாத அட்டைக்கு நரம்பு முளைக்குது, ஒங்களுக்கு முளைக்காதா? ஒரு மாசம் பொறுங்க” என்றேன் நான்.

“நான் அட்டை இல்லீங்களே” என்று சிரித்தாலும் இருந்துவிட்டீர்கள். நான் ஒருநாளும் வாயில் வைக்காத என் சரக்கையே, சிங்கப்பூர்ச் சீனர்கள் செய்வதுபோல, வேகவைத்து சூப்பாகக் கொண்டுவந்து கொடுத்தேன். “இதுல மருந்து இருந்தா சிங்கப்பூர்ல ஆஸ்பத்திரியெல்லாம் பூட்டிக் கெடக்குமே” என்றீர்கள். ஆனாலும் கிண்ணத்தைக் காலி செய்தீர்கள்.

இரண்டு மாதம் கழித்து மதுரையில் டாக்டர் விரல்களை ஊசியால் குத்திப் பார்த்தார். வெட்டுப்பட்டதும் வந்திருந்தால் நரம்பைச் சேர்த்துத் தைத்துப் பார்த்திருக்கலாம் என்றார். திரும்பும் பஸ்ஸில், “நானுந்தானே ஒத்துக்கிட்டேன். விடுங்க” என்று நீங்கள்தான் எனக்கு ஆறுதல் சொன்னீர்கள்.

இப்போது சொல்கிறேன். அட்டையை நம்பி உங்களை நிறுத்தவில்லை. அது நாகப்பட்டினத்தில் சரக்குக் கப்பல் ஏறும் மாதம். சிங்கப்பூரிலிருந்து வரும் இங்கிலீஷ் கடிதங்களைப் படித்துப் பதில் எழுத எனக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை. நீங்கள் மதுரையில் போய்ப் படுத்துவிட்டால் நான் குருடன். அதனால் உங்கள் தொட்டியையே சாட்சியாகக் காட்டி உங்களை நிறுத்தினேன். அந்த மாதம் முழுக்க இடது கையால், எழுத்துக் கூட்டும் பிள்ளையைப் போல, எனக்குப் பதில் எழுதித் தந்தீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து தாளைப் பிடித்துக்கொண்டவன் நான்.

பிறகு எத்தனையோ வருஷம் தினமும் பார்த்தோம். சொல்ல வாயெடுப்பேன், காற்று எந்தப் பக்கம் என்று பேசிவிட்டு வந்துவிடுவேன். நீங்கள் கேட்கவில்லை. தெரியாமலா, தெரிந்துமா?

நேற்று உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பியை வைத்துவிட்டு உங்கள் மனைவி சொன்னார்கள்: “அவுக கைக்காக ஒங்க அளவுக்கு யாரும் அலையலண்ணே.”

தலையை ஆட்டிவிட்டுக் குடித்தேன்.