நொடிக்கு இருநூற்று நாற்பது கோடி

சிவமயம்

கொக்குவில்,
வியாழக்கிழமை

அன்புள்ள மகன் கீர்த்திகனுக்கு,

நல்லூரான் துணையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே அந்தக் குளிருக்குள் நீயும் கோபிகாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கிணற்றில் தண்ணீர் நன்றாக ஏறியிருக்கிறது, அச்சுவேலி மாமிக்கு முழங்கால் நோ குறைந்துவிட்டது. இனி நீ காத்திருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். தொண்டையில் ஒப்பரேஷன் செய்து அப்பாவின் குரல் போய் இரண்டு வருடமாகிறது, அவர் பேசிப் பதிந்த பழைய கசற்றுகளிலிருந்து அவருடைய குரலைக் கற்றுக்கொண்டு, அவர் தட்டி எழுதுவதை அந்தக் குரலிலேயே பேசும் என்று நீ லினக்ஸ் கணினியில் ஏற்றித் தந்த வேலை மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் பாதியில் நின்றது, கணினி தானாகவே அணைந்துவிடும். ஒவ்வொரு முறையும் அப்பா சிலேற்றில் 'விடு' என்று எழுதிக் காட்டினார். மூன்றாம் முறை எழுதியதை அழிக்கவும் இல்லை, எனக்கு மனம் விட்டுப்போனது.

கோபிக்காதே, பிழை என்னுடையது. வாணி விழாவுக்குப் புத்தகங்களோடு கணினியையும் சுவாமியறையில் வைத்துச் சந்தனம் பூசினேன் அல்லவா, அவ்வளவு படித்த பொருளை வெளியே எடுக்க மனம் வராமல் அங்கேயே விட்டுவிட்டேன், தூசி படக்கூடாது என்று நான் பின்னிய உறையையும் போட்டு மூடியிருந்தேன். பக்கத்து வீட்டு பெர்னடெட் ரீச்சர் வந்து பெட்டியைத் திறந்தால், விசிறி முழுக்கச் சாம்பிராணிக் கரியும் திருநீறும் கட்டிபட்டுக் கிடக்கிறது. உங்கடை சாமிக்கே மூச்சு முட்டியிருக்கும் என்று அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் நிற்கிறது. பெயின்ற் பிரஷ்ஷால் தட்டித் துடைத்து, ஹோலில் யன்னலோரம் கொண்டுபோய் வைத்தோம்.

அதன் பிறகும் வேலை தொடங்கினால் சூடு தொண்ணூற்றைந்து பாகை வரை ஏறியது. அதனால் நீ அனுப்பிய அந்த ஒற்றை வரியைக் கறுப்புத் திரையில் எழுத்தெழுத்தாக அடித்து, கணினியின் மூளையான சிப் ஓடும் வேகத்தின் உச்ச எல்லையைக் குறைத்தேன். முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவள் நான், ஆனாலும் திரையில் வந்த எண்ணைப் பார்த்து அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். நொடிக்கு நானூறு கோடித் துடிப்பை இருநூற்று நாற்பது கோடியாக்கியிருக்கிறேன், அதற்குப் பெயர் மெதுவாம். நகமளவுப் பொருள் ஒன்று தன் சூட்டைத் தானே அளந்து, தாங்காவிட்டால் வேகத்தைத் தானே குறைத்து, அதுவும் போதாவிட்டால் கருகிப்போகாமல் தன்னை அணைத்துக்கொள்கிறது, அதைப் போய்ப் பழுது என்று நான் ஏசினேனே தம்பி. சூடு அறுபத்தெட்டுக்கு இறங்கியது, விசிறியின் இரைச்சலும் அடங்கியது. நாலு நாள் வேலைக்கு ஏழு நாள் எடுத்தது, ஒருமுறைகூட நிற்கவில்லை.

நேற்றுக் காலை நான் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். ஹோலிலிருந்து "இஞ்சேரப்பா" என்று அப்பா கூப்பிட்டார். "ஓம், வாறன்" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டு பாதி வழி போன பிறகுதான் அவரால் கூப்பிட முடியாது என்பது எனக்கு நினைவு வந்தது. கணினிக்கு முன்னால் இருந்தபடி, தட்டிய விரலை எடுக்காமல், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் அழுதோம், அடுப்பில் சோறு அடிப்பிடித்தது.

வெளியே போனால் காதை மூடிக்கொண்டு போ, இரண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், முருகன் உங்களுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மறக்காமல் ரெலிபோன் எடு. அப்பா கதைப்பார்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
ஞானாம்பிகை