ஏழடியா, ஐந்தடியா

பிப்ரவரி 3, திங்கள்

டிராக்டர் பட்டறையிலிருந்து வந்துவிட்டது. புது பானட், புது ஸ்டீயரிங். கொழுந்தன் ஜெயக்குமார்தான் ஓட்டிவந்து வேப்பமரத்தடியில் நிறுத்தினான். நான் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டேன். என் வீட்டுக்காரர் இந்த வண்டி கவிழ்ந்துதான் போனார். விற்கவும் மனசு வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

ஏரியில் சீமைக்கருவேலம் எடுக்கிற வேலை மறுபடி எங்களுக்கே வந்திருக்கிறது. கிராப்பிள் இல்லாமல் ஆகாது. வண்டிக்கு முன்னால் மாட்டும் இரும்புக் கை அது, முள்மரத்தை வேரோடு கவ்வித் தூக்கும். பழையது நெளிந்துபோய் எடைக்குப் போட்டாயிற்று. புதிதாக எந்த அளவில் வாங்கலாம் என்று கொழுந்தன் என்னைக் கேட்கவில்லை. ஏழடி என்று சொல்லிவிட்டான். அவர் வாங்கியதும் ஏழடிதான்.

பிப்ரவரி 5

ஏழடி. எந்த வேலையைச் செய்தாலும் அந்தச் சொல்லேதான் ஓடுகிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

வருஷத் திதி. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் ஜெயக்குமார் பிண்டம் கரைத்தான். காவிரியில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். எல்லாம் முடிந்து படியில் உட்கார்ந்திருந்தபோது, ஐந்தடி பார்க்கலாமே என்றேன். நம் வண்டியின் அகலமே அவ்வளவுதானே.

ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே இருந்தான். பிறகு சொன்னான்.

"சின்னதா வாங்கினா அண்ணன்தான் தப்புப் பண்ணிட்டாருன்னு ஊரே பேசும் அண்ணி. இப்பவே பேசுறாங்க. ஏரிக்கரை சரிஞ்சுதான் வண்டி கவிழ்ந்துச்சு. அண்ணன் மேல தப்பு இல்ல."

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் காரியம் முடிந்ததும் ஏரிக்குப் போய்ப் பார்த்தேனே. கரை அப்படியே இருந்தது.

பிப்ரவரி 12, புதன்

எடமலைப்பட்டி புதூரில் கிராப்பிள் செய்து தரும் நிஜாமுதீன் பாய் பட்டறை. ஜெயக்குமார் டிராக்டரில் போனான், நான் பஸ்ஸில்.

கிராப்பிளைத் தாங்கித் தூக்குகிற லோடர் எவ்வளவு எடை தூக்கும் என்று பாய் கேட்டார். கிராப்பிளின் எடையும் அந்தக் கணக்கில்தான் வரும், பெரிதாக மாட்டினால் மரத்துக்கு மிச்சம் கம்மி, முன்னால் கனம் ஏறினால் பின்பக்கம் லேசாகிவிடும் என்றார். ஜெயக்குமார் முகம் கொடுக்கவில்லை. ஏழடியையே மாட்டுங்கள், தூக்கிக் காட்டுகிறேன் என்றான்.

மாட்டினார்கள். முற்றத்தில் கிடந்த இரும்புக் கட்டைக் கவ்வச் சொன்னார் பாய், ஒரு சாணுக்கு மேல் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு. நான் பின்னால் தள்ளி நின்றேன். தூக்கினான். பின்சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

ஒரு கீற்றுதான். ஆனால் சமதரையில். அங்கே கரையும் இல்லை, சரிவும் இல்லை.

இறக்கி வைத்தான். இஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். சீட்டில் இருப்பவனுக்குத் தெரியாமல் இருக்குமா? அப்படியென்றால் அவருக்கும் தெரிந்திருக்குமா? அந்த நேரத்தில் அவர் என்ன—

வேண்டாம்.

கிட்டே போனேன்.

"அவரு தப்புப் பண்ணிட்டாரு ஜெயக்குமாரு. பெருசா இருந்தா வேலை சீக்கிரம் முடியும்னு நினைச்சிட்டாரு. ஊரு என்ன சொல்றது, நானே சொல்றேன். அஞ்சடி போதும்."

ஐந்தடிக்கும், பின்பக்கம் தூக்காமலிருக்க வண்டியின் பின்னால் மாட்டுகிற எடைக்கும் சொல்லிவிட்டு வந்தோம்.

பிப்ரவரி 13

என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

கிராப்பிள் வந்தது. டீக்கடையில் யாரோ, அண்ணன் போன பிறகுதான் இவனுகளுக்குப் புத்தி வந்தது என்றார்களாம். ஜெயக்குமார் சண்டைக்குப் போகவில்லையாம். அண்ணி சொல்லித்தான் வாங்கினோம் என்று மட்டும் சொன்னானாம். பக்கத்து வீட்டு ரெங்கம்மாள் வந்து சொல்லிவிட்டுப் போனாள். பழியை என் மேல் போடுகிறானா, மரியாதையாகத்தான் சொன்னானா? தெரியவில்லை. எதுவானால் என்ன.

தப்புப் பண்ணினவர்தான். அதற்காக அழுகை குறைகிறதா? குறையவில்லை. அவர் மேல் கோபமும் வருகிறது இப்போது. இத்தனை நாள் வராத கோபம். ஏங்க இப்படிப் பண்ணுனீங்க, யாராவது அவசரப்படுத்துனாங்களா உங்கள?

மார்ச் 8, சனி

பொழுது சாயுமுன் ஜெயக்குமார் ஏரியிலிருந்து வந்துவிட்டான். கை கால் கழுவிக்கொண்டு நேராக அடுப்படியில் வந்து உட்கார்ந்தான். சோறு போட்டேன். குனிந்து பிசைந்துகொண்டே சொன்னான்.

"மதகுகிட்ட பெரிய மரம் ஒண்ணு, அண்ணி. கவ்வினதுமே வண்டி முனகுச்சு. வரலன்னு விட்டுட்டு வந்துட்டேன். நாளைக்கு ரெண்டா அறுத்துத்தான் எடுக்கணும்."

சரி என்றேன். ரசம் ஊற்றினேன். இன்னும் கொஞ்சம் சோறு வாங்கிக்கொண்டான்.