அந்த மௌனத்தில் கை வைக்காதீர்கள்

என் ஆசை அண்ணே,

போன இடத்திலும் பாட்டுக் கட்டிக்கொண்டுதான் இருப்பாய். ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு என் பேச்சைக் கேள். இங்கே உன் பாட்டுகளுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிகிறது.

உன் முதல் வருடத் திதிக்குள் உன் பாட்டுகளை ஒரு தொகுப்பாக வெளியிட வேண்டும் என்று அண்ணி ஆசைப்பட்டார். உன்னோடு கடைசிவரை கீபோர்டு வாசித்த முரளிதான் பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் தன் ஸ்டூடியோவில் வேலையைத் தொடங்கினான். கோலாலம்பூர் கம்பெனி ஒன்று வாங்கிக்கொள்வதாகவும், ரேடியோவுக்கு அனுப்புவதாகவும் சொன்னது. ஆனால் பாட்டெல்லாம் சுத்தமாக இருக்க வேண்டுமாம். நீ என்ன, குளிக்காமலா பாடினாய்?

போன ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டான். நானும் அண்ணியும் போனோம்.

முதலில் சிங்கப்பூர் பஸ் பாட்டு. சரணத்துக்கு முன்னால் நீ ஒரு மூச்சு இழுப்பாயே, பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தவன் மாதிரி, அதைக் காணோம். நான் அந்தப் பாட்டைக் கேட்பதே அந்த மூச்சுக்காகத்தான். அடுத்தது லாபிஸ் ரயில் பாட்டு. அதில் 'அப்பா' என்று வரும் இடத்தில் உன் குரல் சுருதியை விட்டுக் கொஞ்சம் இறங்கும். எத்தனை தடவை பாடினாலும் இறங்கும். அதையும் தூக்கி நேராக நிறுத்தியிருந்தான். நம் அப்பாவைப் பற்றிப் பாடும்போது உனக்குக் குரல் இறங்காமல் வேறு யாருக்கு இறங்கும்?

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அம்மா பாட்டு வந்தது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. எஸ்டேட்டை விற்றுவிட்டு, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது, நம் அம்மா வாசற்படியில் நின்று சொன்ன வார்த்தையை வைத்து நீ கட்டிய பாட்டு அது. 'இந்த வீட்ட விட்டுப் போக மாட்டேன்' என்று பல்லவி முடியும். சிம்பாங் ரெங்கத்தில் ஒரு கல்யாண விருந்தில்தான் அதை முதன்முதலாகப் பாடினாய். 'போக' வரைக்கும் வந்துவிட்டாய். அந்த நேரம் பார்த்து, டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் மண்டபத்துக்குள் நுழைந்தார். நம் ஊர் வழக்கம்தான் தெரியுமே. பெரிய மனிதர் வந்தால் பாட்டு நிற்க வேண்டும், சனம் எழுந்திருக்க வேண்டும், எம்சி அவருடைய பட்டங்களை ஒன்றுவிடாமல் வாசிக்க வேண்டும். மேடைக்குக் கீழேயிருந்து கையைக் காட்டி உன்னை நிறுத்தினார்கள்.

நீ மைக்கை இறக்கவே இல்லை. டத்தோ மேசை மேசையாகப் போய்க் கை குலுக்கி, படம் எடுத்துக்கொண்டு, நாற்காலியில் உட்காரும்வரை அப்படியே நின்றாய். முரளி பாட்டை முதலிலிருந்து வாசிக்கப் போனான். நீ அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், விட்ட இடத்திலிருந்து 'மாட்டேன்' என்று எடுத்தாய். பிரியாணித் தட்டைக் கையில் வைத்திருந்தவர்கள்கூட அப்படியே நின்றுவிட்டார்கள். அன்றிலிருந்து எந்த மேடையிலும் அந்த இடத்தில் நிறுத்தித்தான் பாடினாய். பதிவு செய்யும்போதும் அப்படியேதான். உன் பாட்டுகளிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது, நீ வாயை மூடிக்கொண்டு நிற்கிற அந்த இடம்தான்.

முரளி அதை வெட்டி ஒட்டிவிட்டான். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றின மாதிரி 'போகமாட்டேன்' என்று வழுக்கிக்கொண்டு போகிறது.

கொட்டித் தீர்த்துவிட்டேன். உனக்குத்தான் என் வாய் தெரியுமே. பாவம் முரளி, உன் சாவு வீட்டில் எங்களைவிட அதிகமாக அழுதவன் அவன். பொறுமையாகத்தான் சொன்னான்.

"அக்கா, அவ்ளோ நேரம் சத்தமே இல்லன்னா ரேடியோல எடுக்க மாட்டாங்க லா. ஒட்டுனாத்தான் பாட்டு வெளிய போகும்."

எனக்கு அங்கே ஓர் உரிமையும் இல்லை, அண்ணே. கம்பெனிக்குச் சம்மதம் சொல்ல வேண்டியவர் அண்ணி. உன் மகள் பள்ளிக்கூடத்தில் போய், எங்க அப்பா பாட்டு ரேடியோவில் வந்தது என்று சொல்ல வேண்டும், அதுதான் அண்ணியின் ஆசை. அந்த ஆசையை எந்த முகத்தோடு நான் குறை சொல்வேன்? இருந்தும் அண்ணி தலையாட்டிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. மறுபடியும் வாயைத் திறந்தேன். "மல்லிகா, நீ கொஞ்சம் சும்மா இரு," என்று அண்ணி என்னை அடக்கினார்.

ஒட்டியதை ஒருமுறை போடச் சொன்னார். பிறகு நீ பாடியதை அப்படியே போடச் சொன்னார். 'போக' என்று நீ நிறுத்தியதும் அந்த அறையில் ஏர்கான் சத்தம் மட்டும்தான் கேட்டது. முரளி தலையைக் குனிந்துகொண்டான். நீ பாட்டை முடிக்கும்வரை அண்ணி அசையவில்லை.

"அவரு அங்க நின்னது கோவத்துல, முரளி. அந்தக் கோவத்தயும் சேத்துத்தான் நான் அவர கட்டிக்கிட்டேன். வெட்டாத."

"அப்ப ரேடியோ, அண்ணி?"

"வேணாம்."

சொல்லிவிட்டுத்தான் அழுதார். ஆள் முன்னால் அழுவது எனக்குப் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு நானும் அழுதேன். முரளி அந்த மூச்சையும், இறங்கின 'அப்பா'வையும் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தான்.

கம்பெனிக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போகட்டும். தொகுப்பை நாங்களே வெளியிடுகிறோம். நீ பாடினது பாடினபடி, நின்றது நின்றபடி. எதிர்காலத்தில் எவனாவது மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தால் என்னைத் தாண்டித்தான் வர வேண்டும். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

ரேடியோ கிடக்கட்டும். தினமும் காலையில் சிங்கப்பூர் வேலைக்குப் போக காஸ்வே பாலத்து ஜாமில் கிடப்பவள் நான். நாளையிலிருந்து காரின் நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு அம்மா பாட்டை முழுச் சத்தத்தில் வைக்கப் போகிறேன். ஹார்ன் அடிப்பவர்கள் அடிக்கட்டும். நீ 'போக' என்று நிறுத்துவாய். பாட்டு முடிந்தது, தொல்லை விட்டது என்று பக்கத்துக் கார்க்காரர் பெருமூச்சு விடுவார்.

அப்போது சொல்லு, அண்ணே. பாலமே கேட்கிற மாதிரிச் சொல்லு, 'மாட்டேன்' என்று.

இன்னும் வாயடங்காத உன் தங்கச்சி,
மல்லிகா