பின்னால் தெரியும் சிவப்பு

வெள்ளி, இரவு.

மகள் சஃபியா தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

அவள் வாப்பா, என் மச்சான், துபாயிலிருந்து கொடுத்துவிட்ட சின்ன கேமராவில், பிள்ளை மட்டும் பளிச்சென்று விழுந்து பின்னால் எல்லாம் மங்கலாக வர வேண்டும் என்று ஆசை. அதற்கு நாம் தள்ளிப் போய் நின்று ஜூம் செய்ய வேண்டுமாம். இன்று வாலிநோக்கம் உப்பளத்தில் அவளை நிறுத்திவிட்டு, பின்பக்கமாகவே நடந்து வெகுதூரம் வந்துவிட்டேன். திரையில் அவள் கையெட்டும் தூரத்தில் சிரித்தாள். பின்னால் எல்லாம் நான் ஆசைப்பட்டபடியே கரைந்திருந்தது. பட்டனை அழுத்தினேன்.

அப்போதுதான் அந்தக் கத்தல். உப்பு அள்ளும் அக்கா ஒருவர் ஓடிவந்து பிள்ளையை வாரித் தூக்கினார். ரிவர்ஸில் வந்த சிவப்பு லாரி, அவள் நின்ற இடத்தில் ஏறி நின்றது.

“ஏத்தா, புள்ளைய அங்கன விட்டுட்டு இங்கன நின்னு என்னத்தப் படம் பிடிக்கிற? ஒனக்குக் கண்ணு எங்கன இருக்கு?”

பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். இப்போது வரை அழுகை வரவில்லை.

ராத்திரி மச்சானுக்குப் படத்தை அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

“மாஷா அல்லாஹ், பிளர் சூப்பரா வந்திருக்குடி. பின்னால செவப்பா தெரியுதே, என்ன, பூவா?”

“ஆமா மச்சான்” என்று சொல்லிவிட்டேன்.